நாளெண்ணலும் குறியறிதலும்: கருவுறு காலக் கணிப்பின் வரலாறு

முன்னுரை

மகப்பேற்றை வேண்டும் மகளிர்க்குக் கருவுறும் காலம் எது என்னும் வினா மிகப் பழமையானது. இவ்வினாவிற்கு இலக்கணமும் அறநூலும் மருத்துவமும் அரசும் வெவ்வேறு காலங்களில் விடை கூறியுள்ளன. அவ்விடைகளைத் தொகுத்து நோக்கினால் அவை இரு நெறிகளில் அடங்குவதைக் காணலாம். பூப்புத் தோன்றிய நாளிலிருந்து இத்தனையாம் நாள் எனக் கணக்கிடுவது ஒன்று. உடலில் தோன்றும் அடையாளங்களைக் கொண்டு உணர்வது மற்றொன்று. முன்னதை நாளெண்ணல் என்றும் பின்னதைக் குறியறிதல் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது.

நாளெண்ணல் ஒழுங்கான மாதச் சுழற்சியை முன்னிபந்தனையாகக் கொண்டது. சுழற்சி முப்பது நாளிலும் நாற்பத்தைந்து நாளிலும் மாறிமாறி வரும் பெண் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. இடம்பெறாதவளைக் கணக்கின் குறை என்று கொள்ளாமல் உடலின் குறை என்று கொள்வதே நெடுங்கால வழக்காக இருந்துவந்துள்ளது. அவ்வழக்கு எங்ஙனம் உருவாயிற்று, எங்ஙனம் நெகிழ்ந்தது என்பதைத் தமிழ் இலக்கண மரபு, வடமொழி மரபு, இந்திய மொழிகளின் வழக்குத்தொடர்கள், இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் நிகழ்ந்த ஒரு சோதனை, இன்றைய மருத்துவ அறிவு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண மரபில் பன்னிரு நாள்

தொல்காப்பியக் கற்பியலில் பூப்பு நிகழ்ந்த மனைவியைப் பன்னிரண்டு நாள் கணவன் பிரிந்துறைதல் இல்லை என்னும் விதி இடம்பெறுகிறது. பரத்தையிற் பிரிந்த காலத்தும் இவ்விதி அவனைக் கட்டுப்படுத்தும். இதே கருத்தை இறையனார் அகப்பொருளும் கூறுகிறது. பரத்தையிற் பிரிவைத் தடுக்காத இலக்கணம், இப்பன்னிரு நாளை மட்டும் அறத்தின்பாற் படுத்துக் கணவனை மனைக்கு மீட்டு வருவது நோக்கத்தக்கது.

பூப்புத் தோன்றி மூன்று நாள் கழிந்தபின் வரும் பன்னிரண்டு நாளையே இவ்விதி சுட்டுகிறது என்பது இளம்பூரணர் கருத்து. அது கருத்தோன்றும் காலம் என அவர் காரணமும் காட்டுகிறார். முதல் மூன்று நாளில் கூட்டம் ஆகாமைக்கு, அந்நாட்களில் தங்கும் கரு அழியும் அல்லது நெடிது வாழாது என்னும் காரணத்தை நச்சினார்க்கினியர் உரையில் காண்கிறோம். பூப்புத் தோன்றிய நாளையே முதல்நாளாகக் கொண்டு எண்ணும் கருத்தும் உரைமரபில் உண்டு. எண்ணத் தொடங்கும் நாள் எது என்பதில் வேறுபாடு இருப்பினும், எண்ணுதல் வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

எண்ணிக்கையைத் தொடங்கிவைக்கும் செய்தியும் மரபில் ஒரு துறையாக வளர்ந்துள்ளது. தலைவி பூப்பெய்தியதைப் பரத்தையிடத்து இருக்கும் தலைவனுக்கு உணர்த்தச் சேடியைச் செவ்வணி அணிவித்து விடுத்தல் அகப்பொருள் நூல்களிலும் கோவை நூல்களிலும் இடம்பெறுகிறது. திருக்கோவையாரின் பரத்தையிற் பிரிவுப் பகுதியில் செவ்வணி கண்ட வாயிலவர் கூற்று அமைந்துள்ளது. மகப்பேற்றை அறிவிக்க வெள்ளணி அணிந்து விடுத்தலும் மரபே. செவ்வணிக்கும் வெள்ளணிக்கும் இடைப்பட்ட காலமே இவ்விலக்கணம் காணும் தாய்மையின் காலம் எனலாம்.

இளம்பூரணரின் கணக்கை இன்றைய உடலியல் அறிவோடு பொருத்திப் பார்ப்போம். அவர் கூறும் பன்னிரு நாள், சுழற்சியின் 4ஆம் நாள் முதல் 15ஆம் நாள் வரை அமையும். இருபத்தெட்டு நாள் சுழற்சியில் சினைமுட்டை ஏறத்தாழ 14ஆம் நாளில் வெளிப்படும். கருவுறத்தக்க நாட்கள் அந்நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும் ஆகும். அதாவது 9 முதல் 14 வரை. இவை பன்னிரு நாளுள் முழுமையாக அடங்குகின்றன. இருபத்துநான்கு நாள் சுழற்சியில் 5 முதல் 10 வரையிலான நாட்களும் அடங்குகின்றன. ஆனால் முப்பத்தைந்து நாள் சுழற்சியில் முட்டை வெளிப்படுவது ஏறத்தாழ 21ஆம் நாளில். கருவுறத்தக்க நாட்கள் 16 முதல் 21 வரை. பன்னிரு நாளின் கடைசி நாள் கழிந்த மறுநாளே அவை தொடங்குகின்றன. நாற்பது நாள் சுழற்சியிலோ அவை 21 முதல் 26 வரை சென்றுவிடுகின்றன. விதியை வழுவாது பின்பற்றும் தலைவன் உரிய நாட்களில் பரத்தையிடம் மீண்டிருப்பான்.

இதனைக் கொண்டு தொல்காப்பியர் இன்றைய அறிவியலை அன்றே அறிந்திருந்தார் என்று புகழ்வதும், அறியவில்லை என்று குறைகூறுவதும் ஒருங்கே பொருந்தாதவை. முட்டை என்ற ஒன்று மகளிர் உடலில் உண்டு என்பதே அறியப்படாத காலத்தில், பெரும்பாலோர்க்குப் பொருந்தும் ஒரு நெடிய இடைவெளியை நூற்பா வகுத்துள்ளது. அதன் சிறப்பும் எல்லையும் அதுவே. இவ்விதி யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதும் கருதத்தக்கது. நாளை எண்ணும் பொறுப்பும், எண்ணி வந்து உறையும் கடமையும் கணவனுக்கு உரியனவாகவே விதிக்கப்பட்டுள்ளன. இக்கூறு பிற்காலத்தில் எங்ஙனம் மாறுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வடமொழி மரபில் இரு நெறிகள்

மனுநூலின் மூன்றாம் இயல் ருதுகாலத்தைப் பதினாறு இரவுகள் என்கிறது. முதல் நான்கையும், பதினோராம் இரவையும் பதின்மூன்றாம் இரவையும் விலக்கி எஞ்சியவற்றை ஏற்கிறது. இரட்டைப்படை இரவுகளில் ஆண்மகவும் ஒற்றைப்படை இரவுகளில் பெண்மகவும் பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து. மகவின் பால் கூடும் நாளின் இரட்டை ஒற்றையைச் சார்ந்ததன்று என்பதை இன்று அறிவோம். எனினும் நாளெண்ணல் நெறி எத்துணை வலுப்பெற்றிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

சுசுருத சங்கிதையின் சாரீரத்தானமும் ருதுகாலம் பன்னிரு இரவுகள் என்று கூறுகிறது. பகல் முடிந்ததும் தாமரை குவிவதைப்போல ருதுகாலம் முடிந்தபின் கருவாய் குவிந்துவிடும் என்னும் உவமையும் அங்கே உள்ளது. ஆனால் அந்நூல் அத்துடன் நின்றுவிடவில்லை. குருதிப்போக்குப் புலப்படாத நிலையிலும் ருதுகாலம் உண்டு என்று சிலர் கூறுவர் என ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்கிறது. தொடர்ந்து, ருதுவுற்றவளை அறிவதற்குரிய மெய்ப்பாடுகளாக முகப்பொலிவு, உடல் நெகிழ்ச்சி, கணவனை நாடும் விருப்பம் முதலியவற்றைத் தருகிறது.

இப்பகுதி இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. குருதிப்போக்குப் புலப்பட்டால்தான் எண்ணத் தொடங்க முடியும். புலப்படாதவளுக்கு எண்ணிக்கை இல்லை. அவளுக்காகவே சுசுருதர் நூல் நாளை விட்டு மெய்யை நோக்குகிறது. கூறப்பட்ட மெய்ப்பாடுகள் இன்றைய சோதனைக்கு நிற்குமா என்பது வேறு வினா. எண்ணிக்கைக்குள் வராத பெண்ணும் கருவுறத்தக்கவளே என்னும் ஏற்பும், அவளை அறிய வேறு வழி வேண்டும் என்னும் தெளிவும் இங்கே காணப்படுகின்றன. தமிழ் மரபின் செவ்வணித் துறையில் இத்தகைய இடம் இல்லை. பூப்பு இல்லையேல் செவ்வணி இல்லை; செவ்வணி இல்லையேல் தலைவன் வருகையும் இல்லை.

வழக்குத்தொடர்களில் நாளெண்ணல்

இலக்கணத்தில் விதியாக அமைந்தது மக்கள் பேச்சில் தொடராக நிலைபெற்றுள்ளது. கருவுற்றவளைத் தமிழர் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பர். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் வந்தும் முழுகவில்லை என்பது இதன் அடிப்படை. 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்பதும் இப்பொருளதே. மலையாளத்தில் 'குளி தெற்றுதல்' என்பது குளியல் தவறியதைக் கூறிக் கருவுற்றதை உணர்த்துகிறது. இந்தியில் 'தின் சட்னா', அதாவது நாள் ஏறுதல், என்னும் தொடர் அதே பொருளில் வழங்குகிறது. மாதவிடாய், மாதவிலக்கு என்னும் சொற்களிலேயே மாதம் என்னும் அளவு உறைந்திருக்கிறது.

இடக்கரடக்கலாகத் தோன்றிய இத்தொடர்கள் யாவும் வாராமையைக் கொண்டே வரவை உணர்த்துகின்றன. ஒழுங்கான சுழற்சியுடையாளுக்கு இவை பொருந்தும். ஒழுங்கற்ற சுழற்சியுடையாளுக்கோ ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போகிறது. முழுகாத நாட்கள் நாற்பதும் ஐம்பதும் ஆகின்றன. சுற்றத்தார் வினவத் தொடங்குகின்றனர். பின்னர் ஒருநாள் குருதிப்போக்கு வருகிறது. மொழி அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நம்பிக்கையைத் தந்து பறித்துக்கொள்கிறது. 'மலடி' என்னும் சொல்லின் வன்மையைப் பலரும் எழுதியுள்ளனர். அச்சொல் வந்து சேர்வதற்கு முன்னரே இம்மங்கலத் தொடர்கள் தரும் துன்பம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. மருத்துவ வினாவாகத் தோன்றும் இப்பொருள் மொழியாய்வுக்கும் உரியது என்பதற்கு இது போதிய காரணம் எனலாம்.

முன்னோக்கி எண்ணலும் பின்னோக்கி எண்ணலும்

பூப்பு முடிந்தவுடன் கருத்தங்கும் என்னும் நம்பிக்கை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மருத்துவ மரபிலும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த சொரானசின் மகளிர் மருத்துவ நூலிலும் இக்கருத்து உண்டு. 1827இல் கார்ல் எர்ன்சுட்டு வான் பேர் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்தார். அதன்பின் இக்கருத்து மாறியிருத்தல் வேண்டும். மாறாக மேலும் வலுப்பெற்றது. பெண்நாய் முதலிய விலங்குகளில் குருதிக்கசிவும் சினைப்பருவமும் அடுத்தடுத்து வருவதைக் கண்ட 1840களின் ஐரோப்பிய ஆய்வாளர்கள், மகளிரிடமும் குருதிப்போக்கின்போதே முட்டை வெளிப்படுகிறது என்று முடிவுசெய்தனர். சுழற்சியின் நடுப்பகுதியே கருத்தங்காக் காலம் எனப் பல மருத்துவர் அறிவுரை கூறினர். கருவை விரும்பியோர் அதற்குரிய நாட்களைத் தவிர்த்தனர். விரும்பாதோர் அந்நாட்களையே தேர்ந்தனர். இப்பிழை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

இதனைத் திருத்தியவர் இருவர். ஜப்பானின் நீகாத்தாவில் பணியாற்றிய மகளிர் மருத்துவர் ஒகினோ கியூசாக்கு, அறுவைச் சிகிச்சையின்போது சூலகங்களை நேரில் ஆராய்ந்து தம் முடிவை 1924இல் ஜப்பானிய மொழியிலும் 1930இல் ஜெர்மன் மொழியிலும் வெளியிட்டார். ஆஸ்திரியரான ஹெர்மன் க்னாஸ் 1920களின் இறுதியில் தனி வழியில் இதையொத்த முடிவை அடைந்தார். அடுத்த குருதிப்போக்குக்கு முன்னர் 12 முதல் 16 நாட்களுக்குள் முட்டை வெளிப்படுகிறது என்பது ஒகினோவின் முடிவு. சுழற்சி நீண்டாலும் குறுகினாலும் மாறுவது பெரும்பாலும் முட்டை வெளிப்படுவதற்கு முந்திய பகுதியே; பிந்திய பகுதி ஏறத்தாழ இரு வாரமாகவே நிற்கிறது. இதுவரை பூப்பிலிருந்து முன்னோக்கி எண்ணியவர் அனைவரும் மாறும் பகுதியையே அளந்துகொண்டிருந்தனர். எண்ணிக்கையின் திசையை மாற்றியமைத்ததே ஒகினோவின் பெருமை.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. வாராத ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் யாங்ஙனம்? சுழற்சி ஒழுங்காயின் வரவிருக்கும் நாளை ஊகிக்கலாம். ஒழுங்கற்றதாயின் பழைய மாதங்களின் குறும எண்ணையும் நெடும எண்ணையும் கொண்டு எல்லை வகுக்க வேண்டும். குறும சுழற்சியிலிருந்து 18ஐக் கழித்தால் கருவுறு காலத்தின் தொடக்கமும், நெடும சுழற்சியிலிருந்து 11ஐக் கழித்தால் முடிவும் கிடைக்கும் என்பது வழக்கிலுள்ள வாய்பாடு. சுழற்சி 26 முதல் 28 நாள் வரை அமையும் பெண்ணுக்கு இது 8ஆம் நாள் முதல் 17ஆம் நாள் வரை, பத்து நாட்களைத் தருகிறது. 26 முதல் 40 நாள் வரை மாறுபவளுக்கோ 8 முதல் 29 வரை இருபத்திரண்டு நாட்களைத் தருகிறது. எவளுக்குக் கணிப்பு மிகுதியும் தேவையோ அவளுக்கே அது பயன்படாமற் போகிறது.

கருவுற விரும்பும் மகளிர்க்கு உதவுவதே ஒகினோவின் விருப்பம். தம் கணிப்பைக் கருத்தடைக்கு நம்பிப் பயன்படுத்துவதை அவர் ஏற்கவில்லை. ஆயினும் உலகெங்கும் அவர் பெயர் கருத்தடை முறை ஒன்றின் பெயராகவே பரவிற்று. இந்தியாவுக்கும் அது அவ்வகையிலேயே வந்து சேர்ந்தது.

லோதி காலனியும் இராமநகரமும்

1935 டிசம்பரில் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்த மார்கரெட் சாங்கர் கருத்தடைச் சாதனங்களுக்கு அவருடைய ஒப்புதலைப் பெற இயலவில்லை. கருத்தங்கா நாட்களை மட்டும் தேரும் முறையில் தன்னடக்கம் ஓரளவு இருப்பதால் அதனைக் காந்தியடிகள் முற்றிலும் மறுக்கவில்லை. அவர்வழி நின்ற இராஜகுமாரி அம்ரித் கௌர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நலவாழ்வு அமைச்சரானார். அவருடைய காலத்தில்தான் 1952இல் இந்தியா அரசுசார்ந்த குடும்பநலத் திட்டத்தை உலகிலேயே முதன்முதலாகத் தொடங்கிற்று. இந்திய அரசின் அழைப்பின்பேரில் உலக நலவாழ்வு நிறுவனம் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. புது தில்லியின் லோதி காலனியிலும், அன்றைய மைசூர் மாநிலத்தின் இராமநகரத்திலும் நாளெண்ணல் முறை சோதிக்கப்பட்டது. முன்னது அரசு ஊழியர் குடியிருப்பு. பின்னது சிற்றூர்களை உள்ளடக்கிய பகுதி.

எழுத்தறியா மகளிரும் நாளை எண்ணுவதற்காக மணிமாலை ஒன்று வழங்கப்பட்டது. நாளுக்கு ஒரு மணி நகர்த்தப்பட வேண்டும். பச்சை மணி கருத்தங்கா நாளையும் சிவப்பு மணி கருத்தங்கும் நாளையும் குறித்தன. எண்ணற்ற இடர்கள் எழுந்தன. மணியை எத்திசையில் நகர்த்துவது என்னும் குழப்பம் நேர்ந்தது. இருளில் நிறம் தெரியாமையால் மணிகளின் வடிவத்தை வேறுபடுத்த வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த பயன் விளையாமையால் 1950களின் நடுப்பகுதிக்குப்பின் அரசு பிற முறைகளை நோக்கித் திரும்பிற்று.

இத்தோல்வியை மகளிரின் கல்வியின்மைக்கு உரியதாகக் காட்டுவது எளிது. ஆனால் மாலையின் அமைப்பிலேயே ஒரு கருதுகோள் கோக்கப்பட்டிருந்தது. மாலையில் மணிகளின் எண்ணிக்கை நிலையானது. உடலின் நாட்கள் நிலையானவை அல்ல. குழந்தைக்குப் பாலூட்டும் காலத்தில் பல மாதம் குருதிப்போக்கே இராது. அடிக்கடி கருவுற்றும் பாலூட்டியும் வாழ்ந்த அக்கால மகளிர்க்கு ஒழுங்கான சுழற்சி தொடர்ந்து பல மாதம் அமைவதே அரிது. திட்டம் எந்தப் பெண்ணைக் கருதி வகுக்கப்பட்டதோ அந்தப் பெண் பெரும்பாலும் ஏட்டில் இருந்தாள்.

செவ்வணியையும் சிவப்பு மணியையும் அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும். இரண்டும் கருவுறு காலத்தை நிறத்தால் உணர்த்துவன. செவ்வணி ஆணை அழைத்தது. எண்ணும் பொறுப்பை அவன்மேல் ஏற்றியது. சிவப்பு மணியோ பெண்ணின் கையில் தரப்பட்டது. எண்ணிக்கை பிழைத்தால் அப்பிழை அவளுடையதாயிற்று. பொறுப்பு இடம்மாறிய இந்நிகழ்ச்சி கருவுறு காலக் கணிப்பின் சமூக வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

அரை நூற்றாண்டுக்குப்பின், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 32 மணிகள் கொண்ட மாலை ஒன்றை உருவாக்கினர். இது இந்தியாவில் 'மாலா சக்ரா' என்னும் பெயரில் அறிமுகமாயிற்று. 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை, மீண்டும் பன்னிரு நாட்கள், கருவுறு காலமாக இதில் குறிக்கப்பட்டன. சுழற்சி 26 நாள் முதல் 32 நாள் வரை அமையும் மகளிர்க்கே இது உரியது என்று அதனை உருவாக்கியோர் வெளிப்படையாக வரையறுத்தனர். தன் எல்லையைத் தானே அறிவித்த முதல் எண்ணிக்கை என்று இதனைக் கூறுதல் தகும்.

குறியறிதலின் வளர்ச்சி

முட்டை வெளிப்பட்டபின் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 0.3 முதல் 0.5 செல்சியசு பாகை உயர்ந்து, அடுத்த குருதிப்போக்கு வரை நிலைத்திருக்கும். டச்சு மருத்துவர் வான் டி வெல்டே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை விளக்கினார். காலையில் எழுந்தவுடன் அளந்து எழுதிவந்தால் முட்டை வெளிப்பட்டதா என்பதை அறியலாம். ஆனால் இது நிகழ்ந்தபின் கிடைக்கும் சான்று. கருவுற விரும்புவோர்க்கு அந்த மாதத்தில் காலம் கடந்துவிட்டிருக்கும்.

1950களில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் பில்லிங்சும், பின்னர் அவருடன் இணைந்த எவ்லின் பில்லிங்சும் கருப்பைவாயில் சுரக்கும் சளியின் மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டனர். முட்டை வெளிப்படும் நாள் நெருங்கும்போது இது தெளிந்து, வழுக்கும் தன்மையும் நீளும் தன்மையும் பெறுகிறது. பூப்பு எப்போது வந்தது என்பதை அறியாமலேயே இக்குறியை உணர முடியும். குருதிப்போக்குப் புலப்படாதவளுக்கும் ருதுகாலம் உண்டு என்று பதிவுசெய்த சுசுருத மரபின் வினாவிற்கு, பெண் தானே அறிந்துகொள்ளத்தக்க விடை இங்கேதான் கிடைக்கிறது.

அடுத்த நிலை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. முட்டை வெளிப்படுவதற்கு முன் மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். என்னும் ஹார்மோன் திடீரெனப் பெருகுகிறது; பெருகத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படுகிறது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்த ஒற்றைவகை எதிர்ப்பொருள் நுட்பத்தின் பயனாக, இப்பெருக்கைச் சிறுநீரில் காட்டும் பட்டைகள் 1980களில் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்தன. அதே காலத்தில் முட்டைப்பையின் வளர்ச்சியை ஸ்கேன் வழியே நாள்தோறும் அளப்பதும் மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று.

ஒழுங்கற்ற சுழற்சிக்கு இக்குறிகளும் முழுவிடை தந்துவிடவில்லை. 1935இல் ஸ்டைன், லெவந்தால் என்னும் சிகாகோ மருத்துவர் இருவர் விளக்கிய, இன்று பி.சி.ஓ.எஸ். எனவும் சினைப்பை நீர்க்கட்டி எனவும் வழங்கும் நிலை ஒழுங்கற்ற சுழற்சிக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. இந்நிலையில் எல்.எச். அளவு இயல்பாகவே மிகுந்திருத்தல் கூடும். ஆகவே முட்டை வெளிப்படாதபோதும் பட்டை பெருக்கைக் காட்டலாம். சளியும் பலமுறை தோன்றி மறையலாம். ஒரு குறியை மற்றொரு குறியால் உறுதிசெய்துகொள்வதே தக்கது. புரோஜெஸ்ட்ரோன் குருதிச் சோதனையை 21ஆம் நாளில் செய்யும் வழக்கமும் இருபத்தெட்டு நாள் சுழற்சியைக் கருதியதே. அச்சோதனை முட்டை வெளிப்பட்டு ஏழு நாளுக்குப்பின், அதாவது அடுத்த குருதிப்போக்குக்கு ஏறத்தாழ ஏழு நாள் முன் செய்யப்பட வேண்டும். நாற்பது நாள் சுழற்சியுடையாளுக்கு 21ஆம் நாளில் சோதித்து முட்டை வெளிப்படவில்லை என்று கூறுவது, பன்னிரு நாளின் பழைய பிழையை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் செய்வதாகும்.

அமெரிக்காவில் 221 மகளிரிடம் வில்காக்சு குழுவினர் நிகழ்த்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு, கருவுறு காலம் முட்டை வெளிப்படும் நாளில் முடியும் ஆறு நாட்கள் என்பதை நிறுவிற்று. அக்குழுவினர் 2000இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் கருவுறு காலம் முழுமையாக அமைந்தவர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே என்று காட்டிற்று. சுழற்சி ஒழுங்கானது என்று கருதுவோரிடமும் இந்நாட்கள் மாறுகின்றன. ஒழுங்கு, ஒழுங்கின்மை என்னும் பகுப்பே அளவில் மாறும் ஒன்றன்றி இயல்பில் வேறுபட்ட இரண்டன்று.

குறியை உண்டாக்கல்

அறிதலைக் கடந்து, முட்டை வெளிப்படுதலையே மருந்தால் நிகழ்விக்கும் முயற்சி 1961இல் கிரீன்பிளாட் குழுவினர் குளோமிஃபீன் பற்றி வெளியிட்ட ஆய்வோடு புதிய கட்டத்தை அடைந்தது. 1967இல் அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பி.சி.ஓ.எஸ். உடைய 750 மகளிரிடம் நிகழ்ந்து 2014இல் வெளியான ஆய்வில், லெட்ரசோல் பெற்றோருள் 27.5 விழுக்காட்டினரும் குளோமிஃபீன் பெற்றோருள் 19.1 விழுக்காட்டினரும் உயிருள்ள மகவைப் பெற்றனர். நாளெண்ணல் மரபு மலடு என்று ஒதுக்கியிருக்கக்கூடிய மகளிர் இவர்கள் என்பது கருதத்தக்கது.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்குரிய இடம் ஒன்று உண்டு. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு, இயற்கையான சுழற்சியில் எல்.எச். பெருக்கைச் சிறுநீரில் கண்காணித்து முட்டை எடுக்கப்பட்டது. அது குறியறிதலின் உச்சம். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் பிறந்த குழந்தைக்கோ, ஹார்மோன் ஊசியால் சூலகத்தைத் தூண்டி முட்டை பெறப்பட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் நிலைபெற்றது தூண்டும் வழியே. அன்றைய மாநில அரசு அமைத்த குழு முகர்ஜியின் கூற்றை ஏற்கவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1997இல் அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த அறிவியலாளர் டி.சி. ஆனந்தகுமார் அவருக்குரிய முதன்மையை வெளிப்படுத்தினார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு.

தொல்காப்பியத்தின் பன்னிரு நாள் முதல் இன்றைய கைப்பேசிச் செயலிகள் தரும் கணிப்பு வரை நாளெண்ணல் நெறி ஒரே கருதுகோளில் இயங்குகிறது. கடந்த மாதம் வருகின்ற மாதத்தை உணர்த்தும் என்பதே அது. செயலி சராசரியைக் கணக்கிடுகிறது, உடலை அறிவதில்லை.

குறியறிதல் நெறி எண்ணிக்கைக்குள் அடங்காத பெண்ணை முன்னிட்டே தோன்றியது. சுசுருத சங்கிதையில் வித்தாக அமைந்த இந்நெறிக்கு உறுதியான குறிகள் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தன.

எண்ணும் பொறுப்பு ஆணிடமிருந்து பெண்ணுக்கு மாறியது. கருவுறாமைக்கு ஆணின் விந்துக் குறைபாடும் பெருங்காரணம் என்று அறியப்பட்ட பின்னரும் அப்பொறுப்பு மீளவில்லை. முதற்கட்டச் சோதனையிலேயே கணவனுக்கும் சோதனை தேவை என்னும் இன்றைய மருத்துவ நெறி, கணவனைக் கடமையின் நடுவில் நிறுத்திய பழைய நூற்பாவுக்கு ஒருவகையில் அண்மையில் உள்ளது.

நாளைத் தேர்ந்து கூடுவதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூடுவதே போதும் என்று பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. சுழற்சி ஒழுங்கற்றிருப்பின் ஓராண்டு காத்திராமல் முன்னரே மருத்துவரை நாடுதல் வேண்டும் என்பதும் இன்றைய மருத்துவ அறிவுரை. நெடுங்காலம் எண்ணிய மரபு இறுதியில் எண்ணாமையையே ஒரு நெறியாகக் கொண்டுள்ளது.

சூலகத்தின் செயல் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒவ்வொரு மாதமும் வேறுபடக்கூடியது. அதனை ஒரே எண்ணில் அடக்க முயன்ற நூல்களைப் பதிப்பித்தும் கற்பித்தும் வரும் தமிழ்த்துறையினர், அந்நூற்பாக்களுக்குப் பெருமிதமாகவோ ஏளனமாகவோ உரைகூறாமல், அவற்றின் எண்ணுக்கு வெளியே நின்ற மகளிரையும் கருத்தில்கொண்டு உரைகூற வேண்டும். 'முழுகாமல் இருக்கிறாள்' என்னும் தொடருக்கு அகராதி தரும் பொருள் ஒன்றே. அத்தொடரைக் கேட்டுக் காத்திருந்து, பின்னர் முழுகிய பெண்ணின் வரலாறு அகராதியில் இல்லை.